உலக முடிவிலிருந்து மிரண்டா வரை: பனி நிலவின் மலைச்சுவரை அளக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஹோட்டன் சமவெளியில் உலக முடிவுக்குப் போய் வந்தவர்களிடம் அது எவ்வளவு ஆழம் என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் 870 மீற்றர் என்பார். இன்னொருவர் 4000 அடி என்பார், அதாவது ஏறத்தாழ 1200 மீற்றர். இரண்டு எண்ணும் புத்தகங்களில் இருக்கின்றன. விளிம்பில் நின்று கீழே பார்த்தால் இந்தக் குழப்பம் நியாயம்தான் என்று தோன்றும். பாறைச்சுவர் ஓரிடத்தில் முடிகிறது, அதற்குக் கீழே காடு சரிகிறது, அதற்கும் கீழே தேயிலை, அப்புறம் தாழ்நிலம். இதில் எது அடிவாரம்?

இதே வழக்கு சூரியக் குடும்பத்தின் இன்னொரு மூலையிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. யுரேனஸைச் சுற்றும் மிரண்டா என்ற சின்னப் பனி நிலவில் ‘வெரோனா ரூப்பெஸ்’ என்றொரு மலைச்சுவர் இருக்கிறது. அதன் உயரம் 5 கி.மீ. என்றும், 10 கி.மீ. என்றும், 20 கி.மீ. என்றும் வாசித்திருப்பீர்கள். முகநூலில் அதிகம் சுற்றுவது 20 தான். பெரிய எண்ணுக்குக் கால் அதிகம்.

அந்த எண்கள் எப்படி வருகின்றன, ஏன் இவ்வளவு விலகுகின்றன என்பதை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்க இந்த வழிகாட்டி. அப்புத்தளைப் பக்கம் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு நான் எடுக்கும் கணித வகுப்பில் இதைப் படிப்படியாகச் செய்து பார்த்திருக்கிறோம். சாதாரண தரத் திரிகோண கணிதம் தெரிந்தால் போதும்.

கையில் இருக்க வேண்டியவை

ஓர் அளவு நாடா, ஒரு மீற்றர் நீளத் தடி, ஒரு ரசமட்டம் (தோட்டத்து மேசன் பாஸிடம் இரவல் வாங்கலாம்), சைனும் தான்சனும் உள்ள கல்குலேட்டர், ஒரு கணினி. தொலைநோக்கி வேண்டாம். பூமியிலிருந்து பார்த்தால் மிரண்டா வெறும் புள்ளி. 1948 இல் ஜெராட் கைப்பர் அதைக் கண்டுபிடித்ததும் ஒரு புள்ளியாகத்தான்.

படங்கள் நாசாவின் கோள் தரவுக் காப்பகத்தில் இலவசமாகக் கிடைக்கும். அதில் வளையங்களுக்கும் நிலவுகளுக்குமான பிரிவு ‘ஓபஸ்’ என்றொரு தேடுகருவி வைத்திருக்கிறது. நிலவின் பெயரையும் விண்கலத்தின் பெயரையும் கொடுத்தால் படங்களோடு தூரம், வெயில் கோணம், பார்வைக் கோணம் (நேர் மேலிருந்து பார்ப்பதைவிடக் கமரா எவ்வளவு சாய்ந்து பார்க்கிறது என்பது) எல்லாம் அட்டவணையாக வந்துவிடும். படத்தில் பிக்செல் எண்ண ‘இமேஜ்ஜே’ என்ற இலவச மென்பொருள் போதும்.

முதல் படி: முதலில் ஒரு கொடிக்கம்பம்

பழகாமல் நேரே மிரண்டாவுக்குப் போகாதீர்கள். வீட்டுப் பக்கத்தில் உயரம் தெரிந்த ஏதாவது ஒன்றை நிழலால் அளந்து பாருங்கள். ஒரு தடியின் உயரமும் அதன் நிழலும் சேர்ந்து ஒரு செங்கோண முக்கோணி. கம்பமும் அதன் நிழலும் இன்னொன்று. ஒரே நேரத்தில் அளந்தால் இரண்டும் சமகோண முக்கோணிகள். ஆகவே:

உயரம் = நிழலின் நீளம் × தான்(வெயிலின் ஏற்றக்கோணம்)

எங்கள் முதல் முயற்சி கேவலமாகப் போனது. ஒரு கொடிக்கம்பம். அதன் உயரம் 6 மீற்றர் என்று முன்பே தெரியும், பிள்ளைகளிடம் சொல்லவில்லை. சமமான பலகையில் நிறுத்திய ஒரு மீற்றர் தடியின் நிழல் 1.19 மீற்றர், அப்படியானால் வெயில் 40 பாகை. கம்பத்தின் நிழல் 9.2 மீற்றர். 40 பாகையின் தான்சன் 0.839. பெருக்கினால் 7.7 மீற்றர்! “சேர், கம்பம் வளந்திருச்சு” என்றாள் ஒருத்தி. திரும்ப அளந்தோம். அதே 7.7.

நம் ஊரில் சமதரை எங்கே இருக்கிறது? நிழல் விழுந்த பக்கம் நிலம் கீழே சரிந்துகொண்டு போனது. ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால் சரிவு 10 பாகை. நிலம் நழுவிப் போகும்போது நிழலும் அதைத் துரத்திக்கொண்டு நீளும். நாங்கள் அந்த நீட்சியையும் கம்பத்தின் கணக்கில் எழுதிவிட்டோம். திருத்தம் இதுதான். முதலில் சரிவு வழியே அளந்த நீளத்தைக் கிடைத்தூரமாக மாற்றுங்கள்: 9.2 × கோசைன் 10 = 9.06. பிறகு,

உயரம் = கிடைத்தூரம் × (தான் வெயில்கோணம் − தான் சரிவு)

9.06 × (0.839 − 0.176) = 6.0 மீற்றர். கம்பம் பழைய உயரத்துக்கு இறங்கியது. நிலம் மேல்நோக்கி ஏறினால் கழித்தலுக்குப் பதில் கூட்டல்.

இந்தக் கொடிக்கம்பத்தை மறந்துவிடாதீர்கள். மிரண்டாவில் மறுபடி வரும்.

இரண்டாம் படி: வெயில் எவ்வளவு தாழ்ந்தால் நல்லது?

சிவனொளிபாத மலையில் விடியற்காலை ஏறியவர்களுக்கு அந்த முக்கோண நிழல் நினைவிருக்கும். 2243 மீற்றர் மலையின் நிழல், சூரியன் எழும் கணத்தில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை மேற்கே நீண்டு கிடக்கும். அது முக்கோணமாகத் தெரிவது மலையின் வடிவத்தால் அல்ல. தூரம் போகப் போகப் பாதைகள் ஒடுங்கித் தெரிவது போல அந்த நீண்ட நிழலும் ஒடுங்கித் தெரிகிறது.

அளப்பவர்களுக்கு அதில் இரண்டு பாடம். தாழ்ந்த வெயில் சின்ன உயரத்தையும் பெரிய நிழலாக விரித்துக் காட்டும், அது நமக்கு லாபம். ஆனால் ரொம்பத் தாழ்ந்தால் நிழலின் முனை எங்கோ பள்ளத்தில் அல்லது மேகத்தில் போய் விழும், அளக்க முடியாது. 10 முதல் 30 பாகை வரையான வெயில்தான் என் தெரிவு.

இன்னொரு சங்கதி, நிழலின் முனையில் உள்ள மங்கல். நம் வானத்தில் சூரியன் அரைப் பாகை அகலம். 100 மீற்றர் சுவர் ஒன்று 10 பாகை வெயிலில் 567 மீற்றர் நிழல் போட்டால், அதன் முனை ஏறத்தாழ 30 மீற்றர் அகலத்துக்கு மங்கிக் கிடக்கும். யுரேனஸ் நம்மைவிட 19 மடங்கு தொலைவில் இருப்பதால் அங்கே சூரியன் 0.03 பாகைகூட இல்லை. 5 கி.மீ. மலைச்சுவரின் நிழல் முனையிலும் மங்கல் 80 மீற்றர்தான், ஒரு பிக்செல்லுக்குள் அடங்கிவிடும். காற்றும் இல்லை, தூசும் இல்லை, காலை பத்து மணிக்கு மேகம் வந்து மூடவும் போவதில்லை. நிழல் அளப்பவனுக்கு மிரண்டா நல்ல ஊர். வெரோனாவுக்கு வரும்வரை.

மூன்றாம் படி: பிக்செல்லை மீற்றராக்குங்கள்

வொயேஜர் 2 விண்கலம் 1986 ஜனவரி 24 அன்று யுரேனஸைக் கடந்தது. மிரண்டாவுக்கு அது மிக அருகில் வந்த தூரம் சுமார் 29,000 கி.மீ. அன்று ஒரே நாளில் எடுத்த படங்கள்தாம் இன்றைக்கும் நம்மிடம் உள்ள நெருக்கப் படங்கள் எல்லாம். விண்கலம் பறந்த வேகத்துக்கும் அங்கிருந்த மங்கலான வெளிச்சத்துக்கும் படம் இழுபட்டிருக்க வேண்டும். கமராவின் கண் இலக்கை விட்டு நகராதபடி முழு விண்கலத்தையும் மெல்லத் திருப்பிக்கொண்டே எடுத்தார்கள். ஓடும் ரயிலின் ஜன்னலில் ஒரு மரத்தைக் கண்ணால் பிடித்து வைப்பீர்களே, அப்படி.

அதன் குறுங்கோணக் கமராவில் 800 × 800 பிக்செல்கள். ஒரு பிக்செல் மறைக்கும் கோணம் ஒரு ரேடியனின் பத்து இலட்சத்தில் 9.25 பங்கு. இதைத் தூரத்தால் பெருக்கினால் போதும். 36,250 கி.மீ. தூரத்திலிருந்து எடுத்த படத்துக்கு:

36,250 × 9.25 ÷ 10,00,000 = 0.335 கி.மீ.

ஒரு பிக்செல் 335 மீற்றர். இரண்டு பிக்செல் சேர்ந்தால்தான் ஒன்றை மற்றதிலிருந்து பிரித்தறிய முடியும் என்பதால், இந்தப் படத்தின் தெளிவைச் சுமார் 660 மீற்றர் என்று எழுதுவார்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இங்கே நான் விழுந்த குழியையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கமரா இன்றைய டிஜிட்டல் கமரா அல்ல. பழைய தொலைக்காட்சிக் குழாய் வகை, படம் ஓரங்களில் வளையும். அந்த வளைவைத் திருத்துவதற்காகவே கண்ணாடியில் கறுப்புப் புள்ளிகள் பதித்திருந்தார்கள். படங்களில் கட்டம் கட்டமாகத் தெரியும் புள்ளிகள் அவைதாம், பள்ளம் என்று நினைக்காதீர்கள். வளைவு திருத்திய படங்கள் 1000 × 1000 அளவில் வருகின்றன. நான் திருத்திய படத்தை இறக்கி வைத்துக்கொண்டு திருத்தாத படத்தின் 9.25 ஐப் போட்டுப் பெருக்கினேன். எல்லா மலையும் வீங்கிப் போயிற்று. எந்தப் பதிப்பை எடுத்தீர்களோ அதற்குரிய அளவையே போடுங்கள். சரிபார்க்க ஒரு குறுக்குவழி உண்டு. மிரண்டாவின் விட்டம் சுமார் 472 கி.மீ. முழு நிலவும் தெரியும் படம் ஒன்றில் விட்டத்தைப் பிக்செல்லில் எண்ணி, உங்கள் அளவால் பெருக்கிப் பாருங்கள். 472 க்குப் பக்கத்தில் வராவிட்டால் எங்கோ தப்பு.

சனியின் நிலவுகளைப் படம் எடுத்த கசினி விண்கலம் என்றால் வேலை இன்னும் இலகு. அதன் குறுங்கோணக் கமரா 1024 × 1024, ஒரு பிக்செல்லுக்கு 6 பங்கு, ஓரத்து வளைவும் அற்பம்.

நான்காம் படி: நிழலை அளப்பது

வெயிலின் ஏற்றக்கோணம் வேண்டும். தேடுகருவி தருவது படுகோணம், அதை 90 இலிருந்து கழித்தால் ஏற்றக்கோணம். ஆனால் அட்டவணையில் வருவது பெரும்பாலும் படம் முழுதுக்குமான வீச்சு. உங்கள் மலைச்சுவர் நிற்கும் இடத்துக்கு நீங்களே கணக்கிடுங்கள். வெயில் உச்சந்தலைக்கு நேரே விழும் இடம் ஒன்று நிலவில் இருக்கும். அங்கிருந்து மலைச்சுவர் உருண்டையில் எத்தனை பாகை தள்ளியிருக்கிறதோ, அதுதான் படுகோணம்.

1986 இல் யுரேனஸ் தன் தென்துருவத்தைச் சூரியனுக்குக் காட்டிக்கொண்டு படுத்துக் கிடந்தது. மிரண்டாவும் அப்படியே. அதனால் அங்கே ஓரிடத்தின் தென் அகலாங்கு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவுதான் அங்குள்ள வெயிலின் உயரம். சூரியன் துருவத்துக்குச் சரியாக நேரே நிற்காததால் எட்டுப் பாகை வரை கூடலாம், குறையலாம். வடபாதி முழுக்க இருட்டு. யுரேனஸ் ஒரு சுற்று வர 84 ஆண்டு, இருட்டு விலகும்போது பார்க்க வேறு விண்கலமும் போகவில்லை, ஆகவே அந்தப் பாதியை யாரும் நெருங்கிப் பார்த்ததில்லை.

இப்போது ஒரு பயிற்சிக் கணக்கு. எண்கள் நான் கற்பனையாக எடுத்தவை. சனியின் நிலவு ஒன்றை 60,000 கி.மீ. தூரத்திலிருந்து கசினி எடுத்த படம். ஒரு பிக்செல் 0.36 கி.மீ. மலைச்சுவரின் விளிம்பிலிருந்து நிழல் முனைவரை, வெயில் அடிக்கும் திசை வழியே, 22 பிக்செல். அப்படியானால் 7.92 கி.மீ. படுகோணம் 70, ஏற்றக்கோணம் 20, தான்சன் 0.364.

7.92 × 0.364 = 2.88 கி.மீ.

ஒரு பிக்செல் பிசகினால் 0.13 கி.மீ. மாறும். வெயில் கோணம் ஒரு பாகை பிசகினால் 0.16 மாறும். இரண்டையும் சேர்த்து, 2.9 கி.மீ., கூடக்குறைய 0.2 என்று எழுதலாம். 2.88 என்று எழுதுவது வீண் பந்தா.

“வெயில் அடிக்கும் திசை வழியே” என்று சொன்னேனே, அதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மலைச்சுவருக்குச் செங்குத்தாகக் கோடு போட்டு அளந்துவிடுகிறார்கள். வெயில் சாய்வாக வந்தால் நிழலும் சாய்ந்துதான் விழும். கூடவே, நிலவின் ஓரத்துக்குப் பக்கத்தில் நிலம் நம் பார்வைக்குச் சரிந்து சுருங்கித் தெரியும். நிழல் அந்தச் சுருக்கத்தின் திசையில் கிடந்தால், அளந்த நீளத்தைப் பார்வைக் கோணத்தின் கோசைனால் வகுத்து மீட்டெடுங்கள். சுருக்கத்துக்குக் குறுக்கே கிடந்தால் அப்படியே விடலாம்.

ஐந்தாம் படி: கொடிக்கம்பம் திரும்ப வருகிறது

பூமியில் ஒரு பாகை போக 111 கி.மீ. நடக்க வேண்டும். மிரண்டாவில் 4.1 கி.மீ. போதும், அவ்வளவு சின்ன உருண்டை. எட்டு கி.மீ. நிழல் ஒன்றின் அடியிலும் முனையிலும் வெயிலின் உயரம் இரண்டு பாகை வித்தியாசப்படும்!

நிலமும் சரிந்துகொண்டே போகிறது. எவ்வளவு சரியும் என்பதற்கு இலகுவான கணக்கு: நீளத்தின் வர்க்கத்தை விட்டத்தால் வகுங்கள். எட்டு கி.மீ. நிழலுக்கு 64 ÷ 472, ஏறத்தாழ 136 மீற்றர். நிழல் 20 கி.மீ. என்றால் 400 ÷ 472, ஏறத்தாழ 850 மீற்றர். அதாவது, வேறொன்றும் செய்யாமல் நிலவு உருண்டையாக இருப்பதால் மட்டுமே, நிழலின் முனைக்குள் ஓர் உலக முடிவு ஒளிந்து கிடக்கிறது.

இதைச் சரிசெய்ய, மலைச்சுவரின் அடியில் உள்ள வெயில் கோணத்தை வைத்து உயரத்தைக் கணக்கிட்டு, அதிலிருந்து இந்தச் சரிவைக் கழியுங்கள். கொடிக்கம்பத்துக்குச் செய்ததேதான்.

ஆறாம் படி: நிழலே விழாத சுவர்

இவ்வளவும் பழகிக்கொண்டு வெரோனா ரூப்பெஸுக்கு வந்தால் ஏமாற்றம் காத்திருக்கிறது. அந்தச் சுவரின் முகம் வெயிலைப் பார்த்து நிற்கிறது. படங்களில் பளிச்சென்று வெள்ளையாய், உரசிய கோடுகளோடு தெரிகிறது. எதிர்வெயிலில் நிற்கும் சுவர் முன்பக்கம் நிழல் போடாது. நாம் கற்ற நிழல் வித்தை இங்கே செல்லாது.

முதல் மாற்றுவழி, முகத்தின் அகலத்தை அளப்பது. படத்தில் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் இடையே தெரியும் அகலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பேச்சுக்கு 8 கி.மீ. என்று வைப்போம், பார்வைக் கோணம் 40 பாகை. ஆனால் முகம் எவ்வளவு செங்குத்து என்று தெரியாமல் இதை உயரமாக மாற்ற முடியாது. முகம் நம் பக்கம் திரும்பியிருந்தால்:

உயரம் = தெரியும் அகலம் ÷ (சைன் பார்வைக்கோணம் + கோசைன் பார்வைக்கோணம் ÷ தான் முகச்சரிவு)

முகச்சரிவு 30 பாகை என்று நினைத்தால் உயரம் 4.1 கி.மீ. வரும். 45 என்றால் 5.7. 60 என்றால் 7.4. 80 என்றால் 10.3. படம் ஒன்றுதான், அளந்த அகலம் ஒன்றுதான், ஆனால் விடை நான்கு கி.மீ. முதல் பத்து கி.மீ. வரை ஓடுகிறது. பிக்செல்லில் பிழை இல்லை, பிழை முழுக்க ஒரு ஊகத்தில் இருக்கிறது. ‘செங்குத்துச் சுவர்’ என்று மனத்தில் ஒரு படம் வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறவருக்குப் பெரிய எண் கிடைப்பது இதனால்தான். மலையில் வளர்ந்த எவருக்கும் தெரியும், தூரத்திலிருந்து செங்குத்தாகத் தெரியும் பல மலைகளில் கிட்டப் போனால் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

ஊகம் பிடிக்காதவர்களுக்கு இரண்டாவது வழி, நான் நம்புவதும் இதைத்தான்: இரட்டைப் படம். ஒரு கண்ணை மூடி விரலைப் பாருங்கள், பிறகு மற்றக் கண்ணால் பாருங்கள், விரல் பின்னணியில் தாவும். பறந்துகொண்டே போன விண்கலம் ஒரே மலையை இரண்டு கோணங்களில் எடுத்திருக்கும். இரண்டு படங்களையும் ஒரே வரைபடத்தில் பொருத்தினால், தரையில் உள்ள புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும், உயரத்தில் உள்ள புள்ளிகள் தள்ளி நிற்கும். தள்ளி நிற்கும் தூரம் உயரத்தைச் சொல்லும்:

உயரம் = தள்ளிய தூரம் ÷ (தான் முதல் பார்வைக்கோணம் − தான் இரண்டாம் பார்வைக்கோணம்)

இரண்டு பார்வையும் ஒரே பக்கத்திலிருந்து என்றால் கழித்தல், எதிரெதிர்ப் பக்கமென்றால் கூட்டல். பார்வைக்கோணங்கள் 45, 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 − 0.364 = 0.636. மலைச்சுவரின் மேல் விளிம்பு, கீழ் விளிம்போடு ஒப்பிட 10 பிக்செல் தள்ளியிருக்கிறது, அதாவது 3.35 கி.மீ. உயரம் 5.3 கி.மீ. ஒரு பிக்செல் தவறினால் அரைக் கி.மீ. போய்விடும், ஆகவே பத்து இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். இரண்டு கோணங்களுக்கும் இடைவெளி குறைவாக இருந்தால் பிழை ஊதிப் பெருகும். ரொம்ப அதிகமானால் ஒரு படத்தில் தெரியும் கல் மற்றப் படத்தில் அடையாளமே தெரியாது.

தியத்தலாவையில் நில அளவை படிக்கும் பிள்ளைகள் முக்காலியோடு வீதியோரம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு இடங்களிலிருந்து ஒரு மலையுச்சியைக் குறிபார்ப்பது அவர்கள் தொழிலின் அரிச்சுவடி. இங்கே முக்காலி மணிக்குப் பல்லாயிரம் கி.மீ. வேகத்தில் பறக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பெரிய அளவில் செய்ய நாசாவின் ஏம்ஸ் மையம் வெளியிட்ட இலவச இரட்டைப்பட மென்பொருள் உண்டு. லினக்ஸ் தெரிந்தவர்கள் முயலலாம். முதல் தடவை கையால் செய்வது நல்லது.

மூன்றாவது வழி, நிலவின் ஓரக்கோடு. கறுப்பு வானத்தின்மேல் நிலவின் விளிம்பு வெட்டிய மாதிரித் தெரியும். மலைச்சுவர் அதிர்ஷ்டவசமாக அந்த விளிம்பில் விழுந்தால், படிக்கட்டின் பக்கவாட்டைப் பார்ப்பது போல உயரத்தை நேரே பிக்செல்லில் எண்ணலாம். சனியின் இயபெட்டஸ் நிலவின் நடுவரை நெடுகக் கிடக்கும் மலைத்தொடர் இப்படித்தான் மிரட்டுகிறது. 2004 இறுதியில் கசினி எடுத்த படங்களில் அது வெளிப்பட்டது, சில இடங்களில் உயரம் 20 கி.மீ. அளவு. மிரண்டாவில் இந்த வழிக்கு ஒரு சிக்கல் உண்டு, அடுத்த படியில் சொல்கிறேன்.

நான்காவது, வெளிச்சத்திலிருந்து சரிவைக் கணிப்பது. வெயிலைப் பார்க்கும் சரிவு வெளிச்சமாகவும் விலகும் சரிவு மங்கலாகவும் இருக்கும் என்பது அடிப்படை. ஒரே நிறத் தரையில் நன்றாக வேலை செய்யும். மிரண்டாவின் தரை ஒரே நிறம் இல்லை. இன்வெர்னஸ் என்ற பகுதியில் வெள்ளையாக ஒரு அம்புக்குறி போலவே தெரியும் வடிவம் உண்டு. வெள்ளைப் பனியையும் வெயில் சரிவையும் இந்த முறை பிரித்துப் பார்க்காது. ஆரம்பத்தில் தவிர்த்துவிடுங்கள்.

லேசரால் அளந்தால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. ஆனால் லேசர் உயரமானி சுமந்த விண்கலம் எதுவும் இன்னும் ஒரு பனி நிலவைச் சுற்றவில்லை. 2023 ஏப்ரலில் புறப்பட்ட ஐரோப்பாவின் ஜூஸ் விண்கலத்தில் அப்படியொரு கருவி போகிறது. அது 2031 இல் வியாழனை அடைந்து, பிறகு கனிமீட் நிலவைச் சுற்ற வேண்டும்.

ஏழாம் படி: எங்கிருந்து எங்கே?

பேதுருதாலகாலை 2524 மீற்றர் என்றால் அது கடல்மட்டத்திலிருந்து. மிரண்டாவில் கடல் இல்லை. ஒரு கற்பனை உருண்டையைக் ‘கடல்மட்டம்’ என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் மிரண்டா சரியான உருண்டையும் அல்ல. யுரேனஸின் ஈர்ப்பால் இழுபட்டு, அதன் மூன்று ஆரைகளும் ஏறத்தாழ 240, 234, 233 கி.மீ. ஆரையில் மட்டுமே ஏழு கி.மீ. வித்தியாசம்! நாம் அளக்கப் போகும் மலைச்சுவரின் உயரமும் அதே அளவுதான். ஓரக்கோட்டின்மேல் சாதாரண வட்டம் ஒன்றைப் பொருத்தி ‘இங்கே ஏழு கி.மீ. மலை’ என்று குதித்தால், நீங்கள் கண்டது நிலவின் தொந்தியாக இருக்கலாம்.

இதற்கு நான் பிடிக்கும் வழி, உருண்டைக் கணக்கையே விட்டுவிட்டுச் சுவரின் மேல் விளிம்புக்கும் அடிக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் சொல்வது. அப்போதும் உலக முடிவின் கேள்வி மிச்சம் இருக்கிறது. சுவருக்குக் கீழே உடைந்து குவிந்த சரிவைச் சேர்ப்பதா, விடுவதா? வெரோனா ஒரே ஒரு சுத்தமான சுவரும் அல்ல. நூறு கி.மீ. க்கு மேல் நீளும் பிளவு, இடத்துக்கு இடம் உயரம் மாறும். எந்த இடத்தில் கோடு போட்டீர்கள் என்பதை வரைபடத்தில் குறித்து வையுங்கள்.

எட்டாம் படி: விடை நம்பும்படி இருக்கிறதா?

இவ்வளவு உயரமான பனிச்சுவர் எப்படி இடியாமல் நிற்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்க வேண்டும். நமக்குப் பனி என்றால் காலையில் மலையை மூடும் புகைமாதிரி ஒன்று. மிஞ்சிப்போனால் ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாப் பக்கம் கொழுந்தைக் கருக்கும் உறைபனி. மிரண்டாவின் பனி −180 பாகைக்கும் கீழே உறைந்த பாறை. அங்கே ஈர்ப்பும் நம்முடையதில் 124 இல் ஒரு பங்குதான். பனியின் அடர்த்தி, ஈர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் 10 கி.மீ. சுவரின் அடியில் உள்ள அழுத்தம் கிடைக்கும்: ஏறத்தாழ 7 வளிமண்டல அளவு. உலக முடிவின் 870 மீற்றர் பாறைக்கு இதே கணக்கைப் போட்டால் 200 ஐத் தாண்டும். சுமை பார்த்தால் நம் பாறைதான் பாவம். ஆகவே ‘20 கி.மீ. சாத்தியமே இல்லை’ என்று எடுத்த எடுப்பில் தள்ளவும் முடியாது, சுவர் தாங்கும் என்பதால் 20 தான் என்று சொல்லவும் முடியாது.

ஒரு கல்லை விளிம்பிலிருந்து போட்டால் எவ்வளவு நேரத்தில் விழும் என்பதையும் கணக்கிடலாம். மீற்றரில் உள்ள உயரத்தை இரட்டித்து, மிரண்டாவின் ஈர்ப்பு முடுக்கமான 0.079 ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள், விடை விநாடியில் வரும். 5 கி.மீ. என்றால் 6 நிமிடம். 20 கி.மீ. என்றால் 12 நிமிடம். முகநூலில் சுற்றும் ‘12 நிமிட வீழ்ச்சி’ இந்த 20 இலிருந்து பிறந்ததுதான். உயரம் நான்கில் ஒன்றானாலும் நேரம் பாதியாகத்தான் குறையும், ஆகவே 6 நிமிடமும் சொல்லத் தகுந்த கதைதான்.

விடையை எழுதும்போது ஒரு எண்ணோடு நிறுத்தாதீர்கள். எங்கள் வகுப்பில் கரும்பலகையில் எழுதும் வடிவம் இது: “படம் இன்னது. பிக்செல் இவ்வளவு மீற்றர். முறை: இரட்டைப் படம். மேல் விளிம்பிலிருந்து சுவரின் அடிவரை, குவியல் சேர்க்காமல். 5.3 கி.மீ., கூடக்குறைய 0.5.” முகச்சரிவு முறையில் செய்திருந்தால் ஊகித்த சரிவையும் பக்கத்தில் எழுதச் சொல்வேன். 80 பாகை என்று எழுதும்போது கை கொஞ்சம் தயங்கும்.

எதில் தொடங்குவது என்று கேட்டால், கசினி எடுத்த டயோனி, தெத்திஸ் படங்களில் தொடங்குங்கள். டயோனியின் பளபளக்கும் பனிச்சுவர்களும், தெத்திஸில் 2000 கி.மீ. நீண்டு கிடக்கும் இதாக்கா என்ற பெரும்பள்ளமும் பழகுவதற்கு அருமையான இடங்கள். இதாக்காவுக்கு 3 முதல் 5 கி.மீ. வரை ஆழம் சொல்கிறார்கள், உங்கள் விடை அதற்குள் விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். அடுத்து, 2015 ஜூலையில் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் எடுத்த, புளூட்டோவின் நிலவான சாரனின் படங்கள். மிரண்டாவைக் கடைசிக்கு வையுங்கள். அதற்கு இருப்பது அந்த ஒரு நாள் படங்கள்தாம், புதுப்படம் எடுக்க எந்த விண்கலமும் இன்னும் யுரேனஸுக்குப் புறப்படவில்லை.